நான் வாசித்தேன், அக்கா கேட்டாள்

போன மாதம் நம்மில் ஒருவன் வீட்டுக் கல்யாணத்தில் பந்திக்குக் காத்து நின்றபோது, நீங்கள் மூன்று பேர் என்னைச் சூழ்ந்துகொண்டு பழைய கதையை எடுத்தீர்கள். "பேராயர் வந்த அன்னைக்கு இவன் வாசிச்சானே, இப்பவும் காதுல நிக்குது கேட்டியா" என்று ஒருவன் சொன்னான். மற்ற இருவரும் தலையாட்டினீர்கள். நானும் சிரித்துக்கொண்டு நின்றேன். அந்த வாசிப்பைப் பற்றி உங்களுக்குத் தெரியாத பாதியை எழுதிவிடுவது என்று அன்றே முடிவு செய்தேன். நாம் எல்லோரும் ஒரே பாயில் உட்கார்ந்து ஓய்வுநாள் வகுப்பு படித்தவர்கள். உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

எழுபதுகளின் நடுவில் ஒரு மழைக்காலமும் அதற்கு அடுத்து வந்த வெயில் காலமும்தான் இந்தக் கதையின் காலம். கொச்சி மட்டாஞ்சேரியில் நம் ஆலயம் எங்கே இருந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பக்கம் மிளகுக் கிடங்கு, இன்னொரு பக்கம் சுக்குக் களம். ஜெபத்துக்குக் கண்ணை மூடினால் மூக்கு திறந்துகொள்ளும். மிளகு மூட்டை மாற்றும் ஞாயிறுகளில் உபதேசியார் ஆசீர்வாதம் சொல்லும்போது பாதிச் சபை தும்மும். போதகர் மாதத்துக்கு ஒருமுறை படகில் வருவார். மற்ற ஞாயிறுகளில் உபதேசியார்தான் எல்லாம்.

அப்பா அந்தக் கிடங்கில் மூட்டை தூக்கினார். அம்மா களத்தில் சுக்கு தேய்த்தாள். இரண்டு பேருக்கும் கையெழுத்துக்குப் பதில் கட்டைவிரல்தான். என் குடும்பத்தில் எழுத்தை எழுத்தாகப் பார்த்த முதல் ஆள் நான். பள்ளிக்கூடத்தில் மலையாளம். தமிழ் எழுத்தை உபதேசியார்தான் ஓய்வுநாள் வகுப்பில் சொல்லித்தந்தார். பத்து வயதில் சபைக்கு முன்னால் ஏறி நின்று வேத பாடம் வாசித்தேன். மூட்டைச் சுமையால் கழுத்து தோளுக்குள் இறங்கிப்போன பெரிய பெரிய ஆண்கள் வாயைப் பிளந்துகொண்டு என்னைப் பார்த்தார்கள். அந்த ருசி நாக்கில் ஒட்டிக்கொண்டது.

அக்காவுக்கு என்னைவிட இரண்டு வயது அதிகம். அவளையும் ஒரு வருடம் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். "இந்தக் குட்டிக்கு ஒரு ஸ்ரத்தையும் இல்ல, கூப்பிட்டா திரும்பிப் பார்க்காது" என்று டீச்சர் சொல்லிவிட்டார். "அவளுக்குப் படிப்பு ஏறாது" என்று அம்மா களத்துக்குக் கூட்டிப்போனாள். அவ்வளவுதான். ஆலயத்திலும் அவளுக்கு அதே பெயர். பெண்கள் பக்கம் முன்வரிசைப் பாயில் உட்கார்ந்துகொண்டு, பிரசங்கம் தொடங்கியதும் முகத்தை இடது பக்கம் சன்னலை நோக்கித் திருப்பிக்கொள்வாள். சன்னலுக்கு வெளியே கிடங்குச் சுவரைத் தவிர ஒன்றுமில்லை. "பாரு, சொவத்தப் பாத்துக்கிட்டு இருக்கு, மந்தம்" என்று பின்னாலிருந்து பெண்கள் கிசுகிசுப்பார்கள்.

இப்படி ஒரு அக்காவைப் பார்த்து எனக்கு எதற்குப் பொறாமை என்று கேட்பீர்கள்.

ஞாயிறு சாயங்காலம் அப்பா முதுகுக்கு எண்ணெய் தடவிக்கொண்டு உட்காருவார். காலையில் பிரசங்கத்தின்போது அவர் தூங்கியிருப்பார். வாரம் முழுதும் மூட்டை தூக்கியவர் வேறென்ன செய்வார்? சாயங்காலம் கேட்பார்: "மக்கா, இன்னைக்கு உபதேசியார் என்ன சொன்னாரு?" அந்தக் கேள்வியை என்னைப் பார்த்துக் கேட்கமாட்டார். அக்காவைப் பார்த்துத்தான் கேட்பார். அவள் முதலிலிருந்து கடைசி வரை சொல்வாள். உபதேசியார் எங்கே இருமினார் என்பது உட்பட. அப்பா சிரிப்பார், உச்சுக் கொட்டுவார், சில நேரம் கண்ணைத் துடைத்துக்கொள்வார். பாடத்தை வாசித்தவன் நான். அதில் என்ன இருந்தது என்று என்னிடம் யாராவது கேட்டிருந்தால் ஒரு வரி சொல்லத் தெரிந்திருக்காது. எங்கே மூச்சு விட வேண்டும், எங்கே குரலை ஏற்ற வேண்டும் என்பது மட்டும்தான் தெரியும். ஆனாலும் அப்பா என்னிடம் கேட்கவில்லையே என்று வயிறு எரியும்.

கேட்பதோடு விட்டாளா? கேட்டதைச் செய்யவும் செய்வாள். சத்தியம் பண்ணாதீர்கள் என்று ஒரு வாரம் உபதேசியார் சொன்னார். அன்றிலிருந்து தெரு விளையாட்டில் "சத்தியமா நான் தொட்டேன்" என்று சொல்லமாட்டாள், ஒவ்வொரு தடவையும் தோற்பாள். இன்னொரு வாரம், உங்களை நேசிக்கிறவர்களுக்கு மட்டும் வணக்கம் சொன்னால் அதில் என்ன பெருமை என்று சொன்னார். மறுநாளே அவள் கிடங்குக் காவல்காரச் சேட்டனிடம் போய் நின்றாள். நம்மையெல்லாம் கம்பை ஓங்கித் துரத்துவாரே, அவரேதான். "சேட்டா, சுகம்தானா?" என்றாள். அவர் கம்பைக் கீழே வைத்துவிட்டார். "எந்தா மோளே, ஞான் கரஞ்ஞுபோகுமல்லோ" என்று அழுவதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு மடியிலிருந்து கருப்பட்டித் துண்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அதில் பெரிய பாதியை அவள் எனக்குத் தந்தாள். தின்றேன். தின்னும்போதும், அவர் அதை எனக்குக் கொடுக்கவில்லையே என்றுதான் இருந்தது.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன்.

அந்த மழைக்காலத்தில் ஒருநாள் வீட்டுக்குள் அடைந்து கிடந்தோம். காலித் தீப்பெட்டிக்குள் மிளகு போட்டு விளையாட்டு. ஒருவர் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும், மற்றவர் காதருகே ஆட்டுவார், எத்தனை மிளகு என்று சொல்ல வேண்டும். அவளுடைய வலது காதருகே ஆட்டினேன். "மூணு" என்றாள். சரி. இடது காதருகே ஆட்டினேன். சும்மா இருந்தாள். "ஆட்டுலே" என்றாள். இன்னும் வேகமாக ஆட்டினேன். "ஆட்டவே மாட்டேங்கிய, கள்ளப்பயலே" என்று கண்ணைத் திறந்து என் கையைத் தட்டிவிட்டாள். நான் ஏமாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டாள்.

நான் ஏமாற்றவில்லை. அவளுக்கு அந்தக் காது கேட்கவில்லை. ஒரு நொடியில் எல்லாம் புரிந்தது. பிரசங்கத்தில் முகத்தை ஏன் சன்னல் பக்கம் திருப்புகிறாள், டீச்சர் கூப்பிட்டபோது ஏன் திரும்பவில்லை, எல்லாம். நல்ல காதை உபதேசியாருக்குக் கொடுக்கத்தான் முகத்தை அந்தப் பக்கம் கொண்டுபோனாள். சபையில் அவளைவிடக் கவனமாகக் கேட்டவர் ஒருவரும் இல்லை.

அம்மா அடுத்த அறையில்தான் இருந்தாள். ஓடிப்போய் ஒரு வாய் சொல்லியிருந்தால் போதும். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருப்பார்கள். மந்தமில்லை என்று தெரிந்திருக்கும். பள்ளிக்கூடத்தில் திரும்பச் சேர்த்திருப்பார்கள். அங்கேதான் என் மனம் நின்றுவிட்டது. அவளும் வாசிக்கப் படித்துவிட்டால்? இப்படிக் கேட்கிறவள் வாசிக்கவும் செய்தால், வேதம் வாசிக்கும் அந்த மேசைக்கு முன்னால் நான் எதற்கு?

சொல்லவில்லை. அதோடு நிற்கவும் இல்லை. அம்மா என்னை அனுப்பி "அக்காவக் கூப்பிடு" என்பாள். நான் போய் அவளுடைய இடது பக்கம் நின்று மெதுவாகக் கூப்பிடுவேன். திரும்பி வந்து, "கூப்பிட்டேன், வரமாட்டேங்கா" என்பேன். அடி அவளுக்கு விழும். இதையும் எழுதத்தான் வேண்டும்.

மழை முடிந்து மாதங்கள் போயின. பேராயர் நம் சபைக்கு வருகிறார் என்று செய்தி வந்தது. உபதேசியார் தரையில் நிற்கவில்லை. சுவருக்குச் சுண்ணாம்பு, பீடத்துக்குப் புது விரிப்பு, ஆர்மோனியத்துக்குப் புதுத் துருத்தி. பாடம் வாசிப்பது நான்தான் என்று முடிவாயிற்று. "தடுமாறக் கூடாது பாத்துக்க. அதனால மூணு ஞாயிறும் இதே பாடத்தை வாசிச்சுப் பழகு, பேராயர் வர்றது மூணாவது ஞாயிறு" என்றார். எந்தப் பாடம் என்று நினைவிருக்கிறதா? நீ காணிக்கையோடு பீடத்துக்கு வருகிறபோது, யாருக்காவது உன்மேல் குறை இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் அவரோடு ஒப்புரவாகிவிட்டு அப்புறம் வா என்று வரும் பகுதி.

முதல் ஞாயிறு வாசித்தேன். எல்லோரும் மெச்சினார்கள். இரண்டாவது ஞாயிறும் அதையே வாசித்தபோது, மூட்டை தூக்கும் வயதான சுமட்டுக்காரர் ஒருவர், "தம்பி, போன வாரம் வாசிச்சது மறந்துபோச்சாடே?" என்று உரக்கக் கேட்டார். நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள். காணிக்கை நேரம் வந்தது. நம் வீட்டுப் பெண்கள் எல்லோரும் உலையில் அரிசி போடும் ஒவ்வொரு வேளையும் ஒரு பிடி எடுத்துத் தனியாக வைத்துச் சேர்ப்பார்களே, அந்தப் பிடி அரிசியோடு வரிசையில் போனார்கள். எங்கள் வீட்டுப் பையை அக்காதான் கொண்டுபோவாள்.

பீடத்தின் படிக்கு ஒரு எட்டு முன்னால் அவள் நின்றாள். பையைத் தரையில் வைத்தாள். திரும்பினாள். நேராக ஆண்கள் பக்கம் நடந்து, மேசைக்கு அருகே முக்காலியில் உட்கார்ந்திருந்த என் முன்னால் வந்து நின்றாள்.

"தம்பி, ஒனக்கு எம்மேல ஏதோ கொறை இருக்கு. ரொம்ப நாளா இருக்கு. என்னன்னு சொல்லு."

ஆர்மோனியம் பாதியில் நின்றது. உபதேசியார் கையைக் காட்டி, "ஏ பிள்ளே, போய் ஒக்காரு, இதென்ன சந்தையா?" என்றார்.

"நீங்கதானய்யா வாசிக்கச் சொன்னீங்க, ரெண்டு வாட்டி" என்றாள் அக்கா. கிண்டலாகச் சொல்லவில்லை. அவளுக்குக் கிண்டல் தெரியாது. "முதல்ல போய்ச் சரியாக்கிட்டு வரணும்னு."

ஆண்கள் பக்கம் சிரிப்பு கிளம்பியது. எனக்குக் காது மடல் கொதித்தது. இரண்டு வாரமாக நான் ஏற்றி இறக்கி வாசித்ததற்கு ஒருவரும் அசையவில்லை. எழுத்துத் தெரியாத இவள் நாலு எட்டு நடந்து சபை முழுவதையும் தன் பக்கம் திருப்பிவிட்டாள். என் பாடத்தையே என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டாள். அப்படித்தான் எனக்குப் பட்டது.

"ஒண்ணுமில்ல, போ" என்று முணுமுணுத்தேன்.

அவள் வழக்கம்போல முகத்தைத் திருப்பி, வலது காதை என் பக்கம் கொண்டுவந்தாள். "என்னலே?"

சிரிப்பு பெரிதாயிற்று. நான் எழுந்து நின்று கத்தினேன்: "இவளுக்கு எடது காது கேக்காது! செவிடு! செவிட்டுப் பொணம்!"

அவமானப்படுத்தத்தான் கத்தினேன். நடந்தது வேறு. உபதேசியாரின் மனைவி ஆஸ்பத்திரி வேலை பார்த்தவர், உங்களுக்குத் தெரியும். எழுந்து வந்து அக்காவின் வலது காதைத் தன் உள்ளங்கையால் பொத்தி, இடது பக்கம் குனிந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டார். இரண்டு முறை கூப்பிட்டார். அக்கா மிரண்டுபோய் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். பெண்கள் பக்கத்திலிருந்து அம்மாவின் அழுகைச் சத்தம் கேட்டது. அப்புறம் எல்லோருடைய கையும் என் தலைமேல்தான். "கூடப்பொறந்தவன் கண்டுபிடிச்சிருக்கான் பாரு." "பெத்தவங்களுக்குத் தெரியல, தம்பிக்குத் தெரிஞ்சிருக்கு." "படிச்ச பிள்ளை, அதான்." உபதேசியார் அதற்காகத் தனியாக ஒரு ஜெபமும் பண்ணினார். ஆமென் சொன்னேன். ஆர்மோனியம் மறுபடி தொடங்கியது.

அக்கா தரையிலிருந்த பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அதைப் படியில் வைக்கவில்லை.

அந்த வாரம் அம்மாவும் அக்காவும் நானும் எஞ்சின் படகில் ஏறி எறணாகுளம் ஆஸ்பத்திரிக்குப் போனோம். சின்ன வயதில் சீழ் வைத்துக் கெட்டுப்போன காது, இனி ஒன்றும் செய்ய முடியாது, மற்றது நல்ல காது என்று டாக்டர் சொன்னார். "வகுப்பில் இடது ஓரம் முன்வரிசையில் உட்காரவைத்திருந்தால் போதுமே, நன்றாகப் படித்திருப்பாளே" என்றும் சொன்னார். அம்மா அதைக் கேட்டு அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

திரும்பி வரும்போது அம்மா படகின் உள்ளே முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றாள். நான் அவளுடைய வலது பக்கம் போய் நின்றேன்.

"எப்பத்திலேருந்து தெரியும்?" என்றாள், தண்ணீரைப் பார்த்துக்கொண்டே.

பொய் சொல்லியிருக்கலாம். ஏனோ வரவில்லை. "தீப்பெட்டி ஆட்டுனோமே, அன்னைக்கு" என்றேன்.

எஞ்சின் சத்தத்துக்கு மேலே சொன்னாள்: "எனக்கே தெரியாதுலே. எல்லாருக்கும் ஒரு பக்கந்தான் கேக்கும்னு இருந்தேன். அம்மா மந்தம்னு சொல்லும், டீச்சர் சொன்னா, கோயில்ல எல்லாரும் சொல்லுவாங்க. இத்தன பேர் சொன்னா சரியாத்தானே இருக்கும்? நான் மக்குன்னே நெனச்சிட்டு இருந்தேன்."

அவள் பிடித்திருந்த கம்பியை நானும் பிடித்துக்கொண்டேன்.

"அப்ப எம்மேலதான் ஒனக்குக் கொறைன்னு நெனச்சேன். இப்ப எனக்கு ஒம்மேல உண்டு" என்றாள். கரை வந்ததும் அம்மாவின் கையைப் பிடித்து இறக்கிவிட்டு, அவளோடு முன்னால் நடந்துவிட்டாள்.

அந்த வாரம் முழுதும் என்னிடம் பேச்சில்லை. சோறு போடுவாள், துணி துவைத்துப் போடுவாள், பேசமாட்டாள். நான் கிணற்றடியில் நின்று பாடத்தைப் பழகினேன். ஒப்புரவாகு, ஒப்புரவாகு என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன். அவள் பத்தடி தள்ளிக் குடத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். இந்த வார்த்தை அந்தப் பத்தடியைக் கடக்கச் சொல்கிறது என்று எனக்குத் தோன்றவில்லை. 'ஒப்புரவாகி' என்ற இடத்தில் குரலை இறக்குவதா ஏற்றுவதா என்பதுதான் என் கவலை.

மூன்றாவது ஞாயிறு நீங்கள் பார்த்ததுதான். தோரணம், பேராயரின் சிவப்பு அங்கி, கிடங்குக்காரர்கள்கூட வேடிக்கை பார்க்கச் சன்னலில். அக்கா அன்று கையில் அரிசி இல்லாமல் வந்தாள். அம்மா கேட்டதற்கு, "இன்னும் சரியாகல" என்று மட்டும் சொன்னாள்.

நான் மேசைக்கு முன்னால் ஏறி நின்றேன். பக்கத்தைத் திறந்தேன். தலையை நிமிர்த்தியபோது முன்வரிசையில் அவள் தெரிந்தாள். முதல் தடவையாக அவள் முகம் சன்னல் பக்கம் இல்லை. என்னை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். முழங்கையைத் தொடைமேல் ஊன்றி, வலது உள்ளங்கையில் கன்னத்தைச் சாய்த்திருந்தாள். அந்த உள்ளங்கை அவளுடைய வலது காதை அழுத்தி மூடியிருந்தது.

நான் வாயைத் திறக்காமல் நின்றேன். பயந்துவிட்டேன் என்று நீங்கள் நினைத்தீர்கள். "வாசி தம்பி, வாசி" என்று உபதேசியார் பக்கத்திலிருந்து பல்லைக் கடித்தார். இறங்கிப் போயிருக்கலாம். ஏழெட்டு அடி தூரம்தான். ஒரு வாரத்துக்கு முன்னால் அவள் அதே தூரத்தை நடந்து வந்தாள்.

வாசித்தேன். நன்றாகவே வாசித்தேன். ஓர் எழுத்து வழுக்கவில்லை. பேராயர் பிரசங்கத்தின் நடுவே அக்காவைச் சுட்டிக்காட்டி, "இந்தச் சிறுமியைப் பாருங்கள், கன்னத்தில் கை வைத்து எவ்வளவு கவனமாகக் கேட்டாள்" என்று மெச்சினார். போன வாரம் வரை மந்தம் என்று சொன்ன பெண்கள் பெருமையாகத் தலையாட்டினார்கள். அந்தப் பாராட்டுக்கும் எனக்குப் பொறாமை வந்தது. கூடவே முதல் முறையாக வெட்கமும் வந்தது.

ஆராதனை முடிந்து ஐக்கிய விருந்து. பேராயர் பக்கத்தில் எனக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். உட்கார முடியவில்லை. பின்னால் போனேன். அக்கா தனியாக அண்டாக்களைக் குவித்துவைத்துக்கொண்டு தேங்காய் நாராலும் சாம்பலாலும் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய வலது பக்கம் போய்க் குந்தினேன். சொன்னேன். அம்மாவிடம் பொய் சொல்லி அடி வாங்கவைத்தது, கருப்பட்டி, அவள் படித்துவிட்டால் என் இடம் போய்விடும் என்று பயந்தது, அப்பா ஞாயிறுதோறும் அவளிடம் மட்டும் கேட்பது, எல்லாவற்றையும் மூக்கு ஒழுகச் சொன்னேன். கடைசியில், "தப்புதான் அக்கா" என்றேன்.

அவள் கை நின்றது. "அப்பா கேக்கதுக்கா?" என்றாள் ஆச்சரியமாக. "ஏலே, ஒங்கிட்டக் கேக்க அப்பாவுக்கு வெக்கம்லே. நீ படிச்சவன். தூங்கிட்டேன்னு ஒங்கிட்ட எப்படிச் சொல்லும்? அதான் எங்கிட்டக் கேக்கும். கேட்டுட்டு, தம்பி வாசிச்சது நல்லா இருந்துச்சான்னும் கேக்கும். நீ அதுக்குள்ள கோவிச்சுக்கிட்டு எந்திரிச்சுப் போயிருவ."

நான் சட்டை நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

"இத முதல்ல சொல்லிட்டு அப்புறம் ஏறி வாசிச்சிருக்கலாம்லா" என்றாள். "நானும் கேட்டிருப்பேன்."

பிறகு ஒரு அண்டாவை என் பக்கம் உருட்டிவிட்டு, நாரைப் பாதியாகக் கிழித்துத் தந்தாள். இரண்டு பேரும் தேய்த்தோம். உள்ளே பேராயர் என்னைத் தேடுவதாக உபதேசியார் ஆள் அனுப்பினார். நான் போகவில்லை. தேய்த்து முடித்துக் கவிழ்த்தபோது, அவளுடைய அண்டா என்னுடையதைவிடப் பளபளவென்று இருந்தது. எனக்கு மறுபடியும் வயிறு எரிந்தது.

இந்த முறை அதை அவளிடம் உடனே சொல்லிவிட்டேன்.